இணைய முகவரிக் கொள்கை: மலையகத்திலிருந்து முன்மொழிவதும் மறுப்பதும் எப்படி

ஹட்டனிலிருந்து மூன்று தோட்டங்களுக்கு வயர்லெஸ் இணையம் கொடுக்கும் ஒரு சிறு வலையமைப்பை எடுத்துக்கொள்வோம். வீடுகள் 400. கொழும்பிலிருந்து இணைப்பு விற்கும் நிறுவனம் அதற்குக் கொடுத்திருப்பது 8 பொது ஐபிவி4 முகவரிகள், அதாவது வெளி இணையத்துக்குத் தெரியும் அடையாள எண்கள். ஒரே முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்வது போர்ட் எனப்படும் உள் எண்களால்; ஒரு முகவரியில் வாடிக்கையாளருக்குப் பிரித்துக் கொடுக்கக்கூடிய போர்ட்டுகள் 64,512. எட்டையும் கூட்டி 400 ஆல் வகுத்தால் ஒரு வீட்டுக்கு 1,290 வரும். கணக்குக்கு அது போதும் போலத்தான் தெரியும். ஆனால் ஒரு முகவரிக்குப் பின்னால் 50 வீடுகள் இருக்கின்றன. அதில் ஒரு வீட்டுக் கைபேசியில் வைரஸ் புகுந்து ஸ்பாம் அனுப்பத் தொடங்கினால், தடைப்பட்டியலில் ஏறுவது அந்த 50 வீடுகளும்தான்.

கூடுதல் முகவரி வாங்கினால் என்ன என்ற கேள்விக்குப் பதில் கொள்கை ஆவணத்தில் இருக்கிறது. ஆசிய பசிபிக் பிராந்தியத்தில் இணைய முகவரிகளைப் பங்கிடும் பதிவகமான ஏப்னிக், 2011 ஏப்ரல் 15 அன்று தன் கடைசி /8 தொகுதிக்கு வந்து சேர்ந்தது (சாய்கோட்டுக்குப் பின்னுள்ள எண் கூடக்கூடத் தொகுதி சிறிதாகும்). 103 என்று தொடங்கும் அந்தத் தொகுதியில் இருந்தவை 1,67,77,216 முகவரிகள். அன்றிலிருந்து அந்தத் தொகுதியில் ஒரு நிறுவனத்துக்கு அதிகபட்சம் /22, அதாவது 1,024 முகவரி என்று வரம்பு வந்தது. புரொப்-127 என்ற முன்மொழிவு அதை 2019 இல் /23 ஆக, 512 ஆகக் குறைத்தது. 2018 இல் உள்ளே வந்தவருக்குக் கிடைத்ததில் பாதிதான் 2020 இல் பதுளையில் தொடங்கியவருக்கு. இந்த எண்ணை எந்த அமைச்சும் போடவில்லை. மின்னஞ்சலில் வாதாடி, கூட்டத்தில் இணக்கம் கண்டவர்கள் போட்டது. அந்த வாதத்தில் கலந்துகொள்ள ஏப்னிக் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. பாடசாலை ஆய்வுகூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியரும் எழுதலாம்.

எது யாருடைய வேலை

உலகத்தில் இப்படி ஐந்து பிராந்தியப் பதிவகங்கள். பிரிஸ்பேனில் அலுவலகம் வைத்திருக்கும் ஏப்னிக்கின் கீழ் 56 நாடுகளும் ஆட்புலங்களும் வருகின்றன, இலங்கையும் அதில் ஒன்று. இந்தியா, இந்தோனேசியா, வியட்நாம் போன்ற ஏழு இடங்களில் இடையில் ஒரு தேசியப் பதிவகம் உண்டு. இலங்கையில் கிடையாது. நம் நிறுவனங்கள் நேராக ஏப்னிக்கிடமே போகின்றன. தமிழ்நாட்டு நண்பர் சொல்லும் நடைமுறை இங்கே அப்படியே பொருந்தாமல் போவது இதனால்தான்.

மலையகத்தில் வரும் இணையக் குறைகளில் பெரும்பாலானவை முகவரிக் கொள்கைக்குள் வராதவை. இதைப் பிரிக்காமல் எழுதும் கடிதம் முதல் நாளே ஒதுக்கப்படும்.

பனி இறங்கினால் சிக்னல் விழுகிறது, டாட்டா பக்கேஜ் விலை கூடிவிட்டது, டவர் இல்லை என்பவை எல்லாம் சேவை நிறுவனத்திடமும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமும் போக வேண்டியவை. இணையச் சேவை விற்பதற்கான உரிமமும் அந்த ஆணைக்குழுவின் கையில்தான். ஏப்னிக்கிடம் முகவரி வாங்கிவிட்டதால் உரிமம் கிடைத்ததாகாது. '.lk', '.இலங்கை' பெயர்கள் எல்கே டொமெய்ன் பதிவகத்தின் பொறுப்பு. பண்டாரவளையில் உட்கார்ந்திருப்பவரைக் கொழும்பில் இருப்பதாக ஒரு செயலி காட்டுகிறதா? அது தனியார் இடங்காட்டித் தரவுத்தளங்களின் பிழை. சேவை நிறுவனம் 'ஜியோஃபீட்' என்ற இடவிபரக் கோப்பை வெளியிட்டுத் திருத்திக்கொள்ளலாம், கொள்கை மாற்றம் வேண்டாம். ஏப்னிக்கின் உறுப்பினர் கட்டணம்கூடக் கொள்கைக் கூட்டத்தில் பேசப்படுவதில்லை. அது நிறைவேற்றுக் குழுவின் அதிகாரம்.

மிஞ்சுவது இவை: யாருக்கு எத்தனை முகவரி, என்ன தகுதியில், வாங்கியதை எப்போது கைமாற்றலாம், பதிவேட்டில் எந்த விபரம் இருக்க வேண்டும், அதை யார் சரிபார்ப்பது, ஏஎஸ் எண் (மற்ற வலையமைப்புகள் ஒரு வலையமைப்பை அடையாளம் காணும் எண்) பெற என்ன காட்ட வேண்டும். புதிய முகவரி முறையான ஐபிவி6 உம் இதில் அடங்கும். அங்கே தட்டுப்பாடு இல்லை. சேவை நிறுவனம் ஒன்றுக்கு வழக்கமாகக் கிடைக்கும் /32 க்குள் 65,536 எண்ணிக்கையில் /48 தொகுதிகள் உண்டு. தோட்டப் பாடசாலைக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று என்று கொடுத்தாலும் தீராது.

எழுதுவதற்கு முன் கையில் இருக்க வேண்டிய ஆதாரம்

முதலில் உங்கள் இணைப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். ரவுட்டருக்குள் நுழைந்து 'வான்' (WAN, வெளி இணைப்பு) பக்கத்தில் உள்ள முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 100.64 இலிருந்து 100.127 வரைக்குள் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட் எனப்படும் பகிர்வு முறைக்குப் பின்னால் இருக்கிறீர்கள். அந்த வரிசை அதற்கென்றே ஒதுக்கப்பட்டது. 10 என்று தொடங்கினாலும் பெரும்பாலும் அதே கதைதான். பிறகு, வெளியே தெரியும் முகவரியை எடுத்து ஏப்னிக்கின் ஹூயிஸ் என்ற பதிவேட்டுத் தேடலில் போடுங்கள். தொகுதியின் அளவு, யார் பெயரில் இருக்கிறது, முறைப்பாட்டுக்கான மின்னஞ்சல் எது, கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்பதெல்லாம் வரும். திருத்திப் பல வருடமான பதிவு, இல்லாமல் போன கம்பனியின் பெயர், வேலை செய்யாத மின்னஞ்சல் என்று ஏதாவது கண்ணில் பட்டால் திரையைப் படம்பிடித்துத் திகதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஆட்கள். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் கேபிள் டிவி நடத்துபவர்கள், வயர்லெஸ் இணைப்புக் கொடுப்பவர்கள், பாடசாலை ஐசிடி ஆசிரியர்கள், தோட்ட அலுவலகக் கணினி பார்ப்பவர்கள் என எட்டுப் பத்துப் பேரிடம் பேசினால் போதும். அவர்களிடம் "இன்டர்நெட் எப்படி இருக்கு?" என்று கேட்டால் மழைக்காலப் புலம்பல்தான் வரும். எத்தனை வாடிக்கையாளர், எத்தனை பொது முகவரி, கடந்த ஒரு வருடத்தில் முகவரியால் என்ன தடைப்பட்டது, எத்தனை நாள் தடைப்பட்டது என்று கேளுங்கள். வாடிக்கையாளர் பெயர், வீட்டு இலக்கம் எதையும் குறிப்பில் எழுத வேண்டாம். முன்மொழிவுக்கு எண்ணிக்கை மட்டும் போதும், எழுதுவது எல்லாம் பகிரங்கமாகப் பல வருடம் கிடக்கும்.

பிறகு நடப்புக் கொள்கையைப் படியுங்கள். எண் வளக் கொள்கைகள் எல்லாம் ஏப்னிக்-127 என்ற ஒரே ஆவணத்தில் உள்ளன. மேலே சொன்ன புரொப்-127 வேறு, இது வேறு. எண் ஒன்றாக அமைந்தது தற்செயல், புதியவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதுண்டு. நீங்கள் மாற்ற நினைக்கும் பிரிவின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு பிரிவு அகப்படவே இல்லை என்றால், உங்கள் பிரச்சினை நடைமுறைப் பிரச்சினையாக இருக்கலாம். ஏப்னிக் உதவி மேசைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டாலே தீர்ந்துவிடும் விடயத்துக்கு முன்மொழிவு எழுதி ஆறு மாதம் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

பழைய முன்மொழிவுகளின் பட்டியலையும் பாருங்கள். தோற்றுப்போனவைதான் அதிகம் கற்றுக்கொடுக்கும். நீங்கள் எழுதப்போகும் அதே யோசனையை வேறொருவர் சொல்லி, என்ன மறுப்பால் அது விழுந்தது என்பது அங்கேயே இருக்கும்.

நாட்காட்டி

ஏப்னிக் வருடத்துக்கு இரண்டு மாநாடுகள் நடத்துகிறது. பெப்ரவரி, மார்ச்சில் அப்ரிகொட் என்ற பிராந்திய இணைய மாநாட்டோடு சேர்ந்து ஒன்று, செப்டம்பரை ஒட்டி இன்னொன்று. ஊர் மாறிக்கொண்டே இருக்கும். 2016 இல் 42 ஆவது மாநாடு கொழும்பில் நடந்தது. ஒவ்வொரு மாநாட்டிலும் ஒரு திறந்த கொள்கைக் கூட்டம் உண்டு. அந்தக் கூட்டத்துக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே முன்மொழிவு கொள்கைக் குழுவின் மின்னஞ்சல் பட்டியலில் வந்திருக்க வேண்டும். ஒரு நாள் பிந்தினால் அடுத்த மாநாடு, அதாவது இன்னும் ஆறு மாதம்.

கூட்டத் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 12 வாரம் முன்பு ஆதாரம் சேர்க்கத் தொடங்க வேண்டும். 8 வாரம் முன்பு வரைவை நாலு பேரிடம், முடிந்தால் இலங்கைக்கு வெளியேயும் இரண்டு பேரிடம் காட்ட வேண்டும். 5 வாரம் முன்பு கொள்கைக் குழுத் தலைவருக்கு அனுப்பிவிட வேண்டும், ஏனென்றால் அவரும் இணைத்தலைவர்களும் பார்த்துத் திருத்தம் கேட்க ஒரு வாரமாவது ஆகும். பிரிஸ்பேன் நேரம் நம்மைவிட நாலரை மணி நேரம் முந்தியது, குயீன்ஸ்லாந்தில் கோடைக்கால நேரமாற்றமும் இல்லை. அவர்களுக்கு மாலை 5 மணி என்றால் நமக்குப் பகல் 12.30. கடைசி நாள் இரவு ஆறுதலாக உட்கார்ந்து அனுப்பலாம் என்று நினைத்தவருக்குக் கதவு மதியமே மூடியிருக்கும்.

முன்மொழிவை எழுதுவது

வார்ப்புரு தயாராகவே இருக்கிறது. பிரச்சினை என்ன, மாற்றத்தின் நோக்கம், மற்ற நாலு பிராந்தியங்களில் நிலை, முன்வைக்கும் தீர்வு, நன்மை தீமை, முகவரி வைத்திருப்பவர்கள் மீதான தாக்கம், மேற்கோள்கள் என்பவை அதன் தலைப்புகள். இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் படிக்க மாட்டார்கள். உள்ளே எல்லாத் தலைப்பும் ஒரே எடை கொண்டவை அல்ல. பிரச்சினைப் பகுதியும் தீர்வின் சொற்களும்தான் முன்மொழிவைக் காப்பாற்றும் அல்லது கொல்லும்.

ஒரு மாதிரியை எடுத்து உடைத்துப் பார்ப்போம். முகவரி வைத்திருக்கும் ஒவ்வொருவரின் முறைப்பாட்டு மின்னஞ்சலையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏப்னிக் சரிபார்க்கிறது. புரொப்-125 கொண்டுவந்த விதி அது. அஞ்சல் வந்து 15 நாளுக்குள் உறுதிப்படுத்தாவிட்டால் பதிவேட்டில் அந்தத் தொடர்பு செல்லாதது என்று குறிக்கப்படும். இப்போது மலையகத்தில் மண்சரிவு வந்து பாதை அடைபட்டு, மின்சாரமும் ஃபைபரும் போய், ஒரே ஒரு டெக்னீஷியனை வைத்து ஓடும் நிறுவனம் இரண்டு வாரம் முடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். விதிக்கு விலக்குக் கேட்கலாமா?

இப்படி எழுதினால் நிற்காது: "மலையகத்தில் சிறு நிறுவனங்கள் பெரும் கஷ்டப்படுகின்றன. ஏப்னிக் இதைக் கவனத்தில் எடுத்து உரிய சலுகை வழங்க வேண்டும்." இதில் எந்த விதி, யாருக்கு, எத்தனை தடவை நடந்தது என்று ஒன்றும் இல்லை. கிராம சேவகருக்கு எழுதும் விண்ணப்பத்தின் நடை இது.

இப்படி எழுதினால் வாதத்துக்கு நிற்கும்: "முறைப்பாட்டுத் தொடர்பைச் சரிபார்க்கும் காலம் 15 நாள். அரசு அனர்த்தம் அறிவித்த மாவட்டத்தில் இயங்கும் நிறுவனம் அந்தக் காலத்துக்குள் பதிலளிக்க முடியாதிருக்கலாம். அறிவிப்பின் பிரதியை அனுப்பும் நிறுவனத்துக்கு மேலும் 30 நாள் வழங்கப்படும். 12 மாதத்தில் ஒரு தடவைக்கு மேல் இதைக் கோர முடியாது." நாள், நிபந்தனை, எல்லை, ஆதாரம் எல்லாம் உள்ளே. ஏப்னிக் செயலகம் நாளைக்கே நடைமுறைப்படுத்தலாம்.

இனி எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து அடித்துப் பாருங்கள். ஸ்பாம் அனுப்புகிறவனும் அனர்த்தத்தைக் காட்டி நேரம் வாங்குவானே? வருடத்துக்கு ஒரு தடவை என்ற எல்லை அதற்குப் பதில். 56 இடங்களில் அனர்த்தம் என்பதை யார் வரையறுப்பது? அந்தந்த அரசின் அறிவிப்பு. முறைப்பாட்டு மின்னஞ்சலை டெக்னீஷியனின் சொந்த முகவரியில் ஏன் வைத்தாய், பொதுப் பெயரில் ஒரு பெட்டி வைத்து இரண்டு பேருக்குப் போகும்படி, ஒருவர் ஹட்டனிலும் ஒருவர் கொழும்பிலுமாக வைத்தால் என்ன? இதற்குப் பதில் இல்லை. இந்த ஒரு கேள்வியில் முன்மொழிவு சரிந்துவிடுகிறது. விதியைத் தொடாமலே பத்து நிமிடத்தில் தீர்க்கக்கூடிய விடயம் இது. அந்த டெக்னீஷியன் கட்டாருக்குப் போய்விட்டால் வரும் சிக்கலும் அதோடு சேர்ந்தே தீரும்.

இப்படி வீட்டிலேயே செத்துப்போகும் முன்மொழிவுகள் நிறைய இருக்க வேண்டும். எங்கள் கணிப்பில், சிறிய இடத்திலிருந்து வருபவருக்கு அதிகப் பலன் தருவது சொந்த முன்மொழிவு அல்ல, மற்றவர் முன்மொழிவுக்கு எண்ணோடு எழுதும் கருத்து.

மறுப்பும் ஆதரவும் எழுதுவது

ஏப்னிக்கில் கொள்கைக்கு வாக்கெடுப்புக் கிடையாது. நிறைவேற்றுக் குழுத் தேர்தலில் பெரிய கம்பனிக்கு அதிக வாக்கு உண்டு. கொள்கையில் அந்த நிறை செல்லாது. கை தூக்கச் சொல்வதும், இணையத்தில் 'கொன்ஃபர்' என்ற கருவியில் ஆதரவா எதிர்ப்பா என்று அழுத்தச் சொல்வதும் கூட்டத்தின் போக்கை அறியத்தான். தலைவர் பார்ப்பது மறுப்பின் தன்மையை. சமூகத்தின் ஒரு பகுதிக்குக் கடும் பாதிப்பு வரும், அதற்கு வழி காணப்படவில்லை என்றால் அது பெரிய மறுப்பு. அது தீரும்வரை இணக்கம் என்று அறிவிப்பது கடினம். சிலருக்குச் சிறு சிரமம் வரும் என்பது சிறிய மறுப்பு, அதை வைத்துக்கொண்டும் முன்னே போகலாம்.

ஆகையால் "+1", "நானும் எதிர்க்கிறேன்" என்று இருபது பேரைச் சேர்த்து எழுதவைப்பதில் பயனில்லை. ஒரே நாளில் ஒரே வசனத்தோடு ஒரே ஊரிலிருந்து வரும் மின்னஞ்சல்கள் சந்தேகத்தைத்தான் கிளப்பும். ஒருவர் எழுதட்டும், இப்படி: எங்கள் வலையமைப்பில் 400 இணைப்புகள், 8 பொது முகவரிகள். இரண்டாவது நிறுவனத்திடமும் இணைப்பு வாங்கிப் பன்வழிப்படுத்த (ஒரு வழி விழுந்தாலும் மற்றதில் ஓட) எங்களுக்குச் சொந்தமாக ஒரு /24, அதாவது 256 முகவரி வேண்டும், ஏனென்றால் அதைவிடச் சிறிய தொகுதியின் வழி அறிவிப்பைப் பெரும்பாலான வலையமைப்புகள் வடிகட்டிவிடும். முன்மொழிவின் இந்த வாசகம் புதிதாக வரும் சிறு நிறுவனத்தை இப்படித் தடுக்கிறது. இதற்குப் பதிலாக இந்தச் சொல்லைப் போட்டால் எங்கள் மறுப்பு நீங்கும். கடைசி வசனம் முக்கியம். எதைத் திருத்தினால் ஒத்துக்கொள்வீர்கள் என்று சொல்லாத மறுப்பை வைத்து முன்மொழிவை எழுதியவரால் ஒன்றும் செய்ய முடியாது.

கொள்கைக் குழுவின் மின்னஞ்சல் பட்டியலில் சேர்வது சுலபம். ஏப்னிக்கின் ஓர்பிட் தளத்தில் கணக்குத் திறந்து சிக்-பொலிசி என்ற பட்டியலைத் தெரிவு செய்ய வேண்டும். பேச்சு ஆங்கிலத்தில் நடக்கும். இலக்கண சுத்தம் யாரும் பார்ப்பதில்லை; குறுகிய வசனமும் சரியான எண்ணும் போதும். பெயரும் எங்கே வேலை செய்கிறீர்கள் என்பதும் அடியில் இருக்கட்டும். இணைப்புக் கோப்பு போட வேண்டாம், சொல்ல வேண்டியதை அஞ்சலின் உடலிலேயே எழுதுங்கள். யாராவது காரமாகப் பதில் போட்டால் அன்றிரவே திருப்பி எழுதாமல் விடிந்தபின் எழுதலாம்.

கூட்ட நாள்

நேரில் போகத் தேவையில்லை. தொலைவிலிருந்து பங்கெடுப்பவருக்கும் பேசவும் கருத்தைப் பதியவும் உரிமை உண்டு. போக விரும்பினால் ஏப்னிக்கின் புலமைப்பரிசில் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அதற்கான காலம் மாநாட்டுக்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும். கூட்ட நேரம் மாநாடு நடக்கும் ஊரின் நேரம் என்பதால் நமக்கு விடியற்காலையாகவும் இருக்கலாம். தொலைவிலிருந்து பேசுபவர் வேறொரு கம்பனியின் சிம்மில் இரண்டாவது இணைப்பையும் முழுச் சார்ஜில் ஒரு பவர் பேங்கையும் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். கரண்ட் போனதால் ஒரு மறுப்பு பதிவாகாமல் போவது வீண். சொல்ல வேண்டியதை ஒரு நிமிடத்துக்குள் வாசிக்கும்படி எழுதி வைத்து, அதையே பட்டியலுக்கும் முதல் நாள் அனுப்பிவிடுங்கள். குரல் வெட்டுப்பட்டாலும் எழுத்து நிற்கும்.

கூட்டத்துக்கு முன் செயலகம் ஒவ்வொரு முன்மொழிவுக்கும் தாக்க மதிப்பீடு ஒன்றை வெளியிடும். அதைப் படிக்காமல் பேசப்போகாதீர்கள். உங்கள் கேள்விக்கு அதிலேயே பதில் இருந்தால் கூட்டத்தில் நேரம் போகும், மதிப்பும் போகும்.

கூட்டத்துக்குப் பிறகு

கொள்கைக் கூட்டத்தில் இணக்கம் வந்தால், அதே மாநாட்டின் உறுப்பினர் கூட்டத்தில் அதை உறுதிப்படுத்துவார்கள். பிறகு மின்னஞ்சல் பட்டியலில் குறைந்தது நான்கு வாரக் கருத்துக் காலம். இதைச் சம்பிரதாயம் என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். கூட்டத்துக்கு வர முடியாதவருக்குக் கடைசிக் கதவு இதுதான், பெரிய மறுப்பு ஒன்று இந்த நேரத்தில் எழுந்தாலும் தலைவர் அதைப் பார்த்தாக வேண்டும். அதுவும் கடந்தால் நிறைவேற்றுக் குழுவின் ஒப்புதல், அதன்பின் செயலகம் ஆவணத்தைத் திருத்தி நடைமுறைக்கு வரும் திகதியை அறிவிக்கும்.

இணக்கம் வரவில்லை என்றால் முன்மொழிவு எழுதியவரிடம் திரும்பும். சொற்களை மாற்றி இரண்டாம் பதிப்பாக, v002 என்ற எண்ணோடு, மறுபடி கொண்டுவரலாம், கைவிடவும் செய்யலாம். மூன்று நாலு பதிப்புகள் வரை போவது சாதாரணம். பதிப்பு மாறும்போது எந்த மறுப்புக்காக எந்தச் சொல்லை மாற்றினீர்கள் என்று அஞ்சலில் வரிசையாக எழுதுங்கள். மறுத்தவரையும் பெயர் சொல்லி, இப்போது சரியா என்று கேளுங்கள். அவர் பட்டியலில் "சரி" என்று ஒரு வரி எழுதிவிட்டால் அடுத்த கூட்டத்தில் தலைவரின் வேலை பாதி குறையும்.

நடைமுறைக்கு வரும் திகதி தெரிந்ததும், முன்பு பேசிய எட்டுப் பத்துப் பேருக்கும் புதிய விதியைத் தமிழில் அரைப் பக்கமாக எழுதி அனுப்புங்கள். என்ன மாறுகிறது, எந்தத் திகதிக்குள் பதிவேட்டில் எதைத் திருத்த வேண்டும், திருத்தாவிட்டால் என்ன ஆகும் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும்.